பஞ்சுவுக்கு எண்ணெய்க் குளியல் வேண்டாம், சீப்பு போதும்

கேள்வி

சிங்கப்பூரின் செங்காங்கில் வசிக்கும் வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தை, அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

தொடக்கநிலை 5இல் படிக்கும் மகள் ஆசைப்பட்டதால், ஜூன் பள்ளி விடுமுறையில் பெரூவியன் வகைக் கினிப் பன்றி (வீட்டில் வளர்க்கும் சிறு கொறிவிலங்கு) ஒன்றை வாங்கியிருக்கிறார்கள். உடம்பெல்லாம் நீண்ட வெள்ளை முடி, பெயர் பஞ்சு. தனியாக வளர்க்கக் கூடாது என்று அறிந்து, வெளிநாட்டுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்திடமிருந்து லட்டு என்ற குட்டை முடிக்காரியையும் எடுத்துக்கொண்டார்கள். லட்டுவுக்கு வயது மூன்று. இரண்டும் பெண்.

பகலில் இரண்டையும் பார்த்துக்கொள்பவர் வாசகியின் மாமியார். ஞாயிறுதோறும் தேங்காய் எண்ணெய் தடவி, அரை மணி நேரம் ஊறவிட்டு, குழந்தைகளுக்கான ஷாம்பு போட்டு, மஞ்சள் கலந்த வெதுவெதுப்பான நீரில் குளிப்பாட்டுகிறார். ஆறு மாதத்தில் பஞ்சுவின் பின்புறத்து முடி கட்டியாகச் சிக்குப் பிடித்துவிட்டது. அடியில் தோல் சிவந்திருக்கிறது. நாள் முழுக்கச் சொறிகிறது, பொடுகு உதிர்கிறது. லட்டு சொறிவதில்லை, ஆனால் அதன் இரு விலாவிலும் முடி மெலிந்து தோல் தெரிகிறது. இரண்டுக்கும் காதுக்குப் பின்னால் வழுக்கை. மகளின் முன்கையில் வட்டமாக ஓர் அரிப்புத் தடிப்பு.

கணவர், வெயிலுக்கு நல்லது, மொட்டையடித்துவிடலாம் என்கிறார். மாமியார் குளியலை வாரம் இரண்டு முறையாக்கி வேப்பெண்ணெய் பூசலாம் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் பூங்காவில் விட்டுவிடச் சொல்கிறார். "யார் சொல்வதைக் கேட்பது டாக்டர்? அத்தை மனம் நோகாமல் இதை எப்படிச் சரிசெய்வது?" என்று முடிக்கிறார் வாசகி.

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் ஒரு வரி எனக்கு மிகவும் பிடித்தது. "அத்தை தினமும் காலையில் இரண்டையும் மடியில் வைத்துத் தடவிக் கொடுத்துக்கொண்டே செய்தி பார்ப்பார்" என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த வீட்டில் பஞ்சுவுக்கும் லட்டுவுக்கும் கிடைத்த பெரிய பாக்கியம் அதுதான். தவறு நடந்திருப்பது அன்பில் இல்லை. நம் தலைமுடிக்கு நல்லது என்று நாம் நம்புவதெல்லாம் அவற்றின் முடிக்கும் நல்லது என்று நினைத்ததில்தான்.

கடிதத்தை வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது. ஆனாலும் நீங்கள் நுணுக்கமாகக் கவனித்து எழுதியிருப்பதால், எங்கே பார்க்க வேண்டும் என்பதைச் சொல்ல முடிகிறது. முதலில் ஒரு கவலையைக் குறைத்துவிடுகிறேன். காதுக்குப் பின்னால் இருக்கும் வழுக்கை நோயே இல்லை. எல்லாக் கினிப் பன்றிகளுக்கும் அந்த இடத்தில் முடி இருக்காது. முடி மூடியிருந்ததால் இத்தனை நாள் உங்கள் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அதேபோல, சில நேரம் கண்ணிலிருந்து பால்போல ஒரு திரவம் சுரக்கும், அதை முன்னங்கால்களில் எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்ளும். அதற்கும் பயப்பட வேண்டாம்.

ஒரே வீடு, இரண்டு காரணங்கள்

பஞ்சுவும் லட்டுவும் ஒரே எண்ணெயில் குளிப்பதால் இரண்டுக்கும் ஒரே பிரச்சினை என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பஞ்சு சொறிகிறது, பொடுகு உதிர்கிறது, முடி கொட்டுகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் சொறிப்பூச்சி. கினிப் பன்றியின் தோலுக்குள் குடைந்து வாழும், கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி அது. வெளியே எந்த அறிகுறியும் இல்லாமல் உடம்பில் இருந்துவிட்டு, இடமாற்றம், வெப்பம், சத்துக்குறைவு என்று ஏதாவது வந்து உடம்பு தளரும்போது பெருகிவிடும். அந்த அரிப்பு சாதாரணமானது இல்லை. முற்றினால், தொட்டவுடன் வலிப்பு வந்ததுபோல் துடித்து விழும் அளவுக்குப் போகும். அதனால்தான் இந்த வாரமே காட்டுங்கள் என்கிறேன். உடல் எடைக்குத் தக்க அளவில் ஊசியோ கழுத்தில் விடும் சொட்டு மருந்தோ கொடுத்து, சுமார் இரண்டு வார இடைவெளியில் இரண்டு மூன்று முறை திரும்பக் கொடுத்தால் நன்றாகக் குணமாகும். கூட இருக்கும் லட்டுவுக்கும் சேர்த்தே கொடுக்க வேண்டும். நாய் பூனைக்கு விற்கும் உண்ணி மருந்தைக் கடையில் வாங்கி நீங்களாக விடாதீர்கள். ஒரு கிலோ எடையுள்ள உயிருக்கு அளவு சற்றுப் பிசகினாலும் ஆபத்து.

லட்டுவின் கதை வேறு. சொறியவில்லை, தோல் சிவக்கவில்லை, ஆனால் இரண்டு விலாவிலும் ஒரே மாதிரி முடி மெலிகிறது, வயது மூன்று, பெண். இப்படி இருந்தால் சினைப்பையில் நீர்க்கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வயது ஏறிய பெண் கினிப் பன்றிகளுக்கு இது அடிக்கடி வருவது. ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். கட்டி இருந்தால் அறுவை சிகிச்சை, ஹார்மோன் ஊசி, அல்லது சிறியதாக இருந்தால் எடையையும் பசியையும் கவனித்துக்கொண்டே காத்திருப்பது என்று மூன்று வழிகள் உண்டு. அறுவைதான் நிலையான தீர்வு, ஆனால் மயக்க மருந்தின் ஆபத்தும் செலவும் அதில் இருக்கிறது. முடிவெடுக்க அவசரம் வேண்டாம், ஸ்கேன் பார்த்துப் பேசிக்கொள்ளலாம். எண்ணெய் தடவி இந்த முடியை வளர்க்க முடியாது என்பது மட்டும் நிச்சயம்.

எண்ணெயும் குளியலும்

தேங்காய் எண்ணெய் விஷமில்லை. ஆனால் உடம்பு முழுக்கத் தடவினால் என்ன ஆகிறது? வைக்கோல் தூசியும் உதிர்ந்த முடியும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. பெரூவியனின் முடி மாதத்துக்கு ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் வளரும். அந்த நீளத்தில் பிசுக்கும் தூசியும் சேர்ந்தால் சிக்கு கட்டியாகிறது. பின்புறத்தில் அதோடு சிறுநீரும் சேர்ந்துகொள்கிறது. ஈரமான அந்தக் கட்டிக்கு அடியில் தோல் நாள்கணக்கில் வெந்துபோகிறது. நீங்கள் பார்த்த சிவப்புக்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அந்த ஈரத்தில் ஈ முட்டையிட்டால் புழு வைத்துவிடும், அது உயிரையே பறிக்கக்கூடியது. தாழ்வார ஓரம் கூண்டு வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் குறிப்பாகச் சொல்கிறேன்.

அடுத்து ஷாம்பு. குழந்தைக்கு மென்மையானது என்பதால் இதற்கும் மென்மை என்று சொல்ல முடியாது. வாரந்தோறும் போட்டால் தோலில் இயற்கையாக இருக்கும் நெய்ப்பை அது எடுத்துவிடும். தோல் வறண்டு பொடுகு உதிரும். பொடுகைப் பார்த்து அத்தை இன்னும் கொஞ்சம் எண்ணெய் தடவுகிறார், எண்ணெய் போக இன்னும் கொஞ்சம் ஷாம்பு. ஆறு மாதமாக இந்தச் சுழல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. மஞ்சள் நீரையும் விட்டுவிடுங்கள். கினிப் பன்றி தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி, மேலே பூசுவதெல்லாம் வயிற்றுக்குள் போகும். வேப்பெண்ணெய் வேண்டாம் என்று சொல்வதும் அதனால்தான். டீ ட்ரீ எண்ணெய், கோடாலித் தைலம் போலக் கற்பூரமும் யூகலிப்டஸும் கலந்த மருந்து எண்ணெய்கள், இவற்றைக் கிட்டவே கொண்டுபோகாதீர்கள். செல்லப்பிராணிக் கடைகளில் சின்சில்லா என்ற கொறிவிலங்குக்கென்று குளியல் மணல் விற்பார்கள், அதுவும் இவற்றுக்கு ஆகாது. கண்ணிலும் மூக்கிலும் போய் உறுத்தும்.

அப்படியானால் குளிப்பாட்டவே கூடாதா? லட்டு போன்ற குட்டை முடிக்கு, அழுக்கானால் ஒழியக் குளியலே தேவையில்லை. பஞ்சுவுக்கு, தோல் குணமான பிறகு, பின்புறம் மட்டும் தேவைப்படும்போது கழுவினால் போதும். ஒரு பேசினில் துண்டு விரித்து, மூன்று நான்கு சென்டிமீட்டர் வெதுவெதுப்பான நீர் விட்டு, சிறு பிராணிகளுக்கான ஷாம்பு கொஞ்சம் போட்டுக் கழுவி, சோப்பு போக அலசுங்கள். தலையில் நீர் படக் கூடாது. அப்புறம் உலர்த்துவது. கழுவுவதைவிட இதுதான் முக்கியம். நம் ஊரின் ஈரக்காற்றில் அடிமுடி தானாக உலர நெடுநேரம் ஆகும், அந்த ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். துண்டால் ஒற்றி எடுத்து, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள். உங்கள் இன்னொரு கை முடிக்குள் இருக்கட்டும். உங்கள் கைக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

சீப்பு

நீண்ட முடிக்குத் தினமும் சீவ வேண்டும், விலக்கு இல்லை. பத்து நிமிடம் போதும். அகலப் பல் உள்ள உலோகச் சீப்பு ஒன்று வாங்குங்கள். மடியில் துண்டு போட்டு உட்காரவைத்து, வாயருகில் கொஞ்சம் கொத்தமல்லித் தழை. ஈரச்சந்தையில் ஒரு கட்டு வாங்கினால் சில நாளுக்கு வரும், இதைவிட நல்ல லஞ்சம் எனக்குத் தெரியாது. நுனியிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல வேர்ப்பக்கம் போக வேண்டும். வேரிலிருந்து இழுத்தால் வலிக்கும், மறுநாள் சீப்பைக் கண்டாலே ஓடும்.

சின்னச் சிக்கு கிடைத்தால் நனைக்காதீர்கள், நனைத்தால் இன்னும் இறுகும். சிட்டிகை சோளமாவு தூவி, விரலால் இழை இழையாகப் பிரியுங்கள். இப்போது பின்புறம் இருக்கும் பெரிய கட்டியில் மட்டும் தயவுசெய்து யாரும் கத்தரி வைக்க வேண்டாம். சிக்கோடு தோலும் மேலே இழுபட்டிருக்கும். எது முடி, எது தோல் என்று பிரித்தறிய முடியாமல் வீட்டில் வெட்டி, தோல் கிழிந்து தையல் போட வேண்டியதாகிவிடும். அதை மருத்துவர் மெஷினால் எடுக்கட்டும். முடிவெட்டும் கடைக்கு நேரே போகலாமே, செலவு குறையுமே என்று கேட்டிருக்கிறீர்கள். சொறிப்பூச்சியோ படர்தாமரையோ இல்லை என்று தெரிந்த பிறகு தாராளமாகப் போகலாம். அதற்கு முன் போனால் அங்கே வரும் மற்றப் பிராணிகளுக்கும் பரவலாம்.

மொட்டையடிப்பது பற்றி

உங்கள் கணவர் கவலைப்படும் விஷயம் சரியானது. கினிப் பன்றிகளின் பூர்வீகம் தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதி. குளிர்ந்த உலர்காற்றில் உருவான உடம்பு அது. ஏறக்குறைய 18 முதல் 24 டிகிரி வரை அதற்கு இதமான வெப்பம். 27, 28 டிகிரியைத் தாண்டினால் ஆபத்து தொடங்குகிறது. நம் ஊரின் பிற்பகல் 31, 32ஐச் சாதாரணமாகத் தொடுகிறது. நம்மைப்போல் வியர்த்து உடம்பைக் குளிர்வித்துக்கொள்ளவும் அதனால் முடியாது.

ஆனால் தோல் தெரிய மழிப்பது இதற்குத் தீர்வு இல்லை. கீறலிலிருந்தும் உரசலிலிருந்தும் காப்பது அந்த முடிதான். நடுவழி ஒன்று இருக்கிறது, பஞ்சுவுக்கு அதையே நான் விரும்புவேன். உடம்பு முழுக்க மூன்று நான்கு சென்டிமீட்டருக்குக் குட்டையாக வெட்டுங்கள், தரையில் புரளும் ஓரங்களையும் பின்புறத்தையும் இன்னும் குறையுங்கள். கண்காட்சிக்குப் போகாத பெரூவியனுக்குத் தரை தொடும் முடி எதற்கு? நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை இப்படி வெட்டினால் சீவுவதும் பாதியாகக் குறைந்துவிடும்.

வெப்பத்தை அறையில்தான் குறைக்க வேண்டும். தாழ்வாரத்திலிருந்து கூண்டை வீட்டுக்குள், பிற்பகல் வெயில் விழாத சுவரோரம் மாற்றுங்கள். மின்விசிறி அறைக்காற்றை நகர்த்தட்டும், நேராக முகத்தில் அடிக்க வேண்டாம். உறையவைத்த தண்ணீர்ப் புட்டியைத் துண்டில் சுற்றி ஒரு மூலையில் வையுங்கள், வேண்டியபோது அதுவே போய்ச் சாய்ந்துகொள்ளும். சுட்டெரிக்கும் நாள்களில் மதியம் இரண்டு மூன்று மணி நேரம் ஏர்கான் போட்டால் அது ஆடம்பரம் இல்லை. என்றாவது தட்டையாகப் படுத்து, வேகமாக மூச்சு வாங்கி, வாயில் எச்சில் ஒழுகினால் வெப்பத்தாக்கு. காதையும் பாதத்தையும் குளிர்ந்த நீரால் நனைத்துக்கொண்டே, ஐஸ் நீர் வேண்டாம், உடனே மருத்துவரிடம் கிளம்பிவிடுங்கள்.

உணவிலும் ஒன்று

நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. பெரிய பையாகத் தீனி வாங்கி, ஆறு மாதமாகத் துணி துவைக்கும் இடத்தில் வைத்துப் போடுகிறீர்கள். கினிப் பன்றியால் நம்மைப்போலவே வைட்டமின் சி-யைத் தன் உடம்பில் உருவாக்க முடியாது. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் வரை உணவிலிருந்தே கிடைக்க வேண்டும். தீனியில் சேர்த்த வைட்டமின் சி, சூட்டிலும் ஈரத்திலும் வேகமாக அழிந்துவிடும். மூன்று மாதத்துக்கு மேலான தீனியில் அதை நம்பக் கூடாது. குறைந்தால் முடி பொலிவிழந்து முரடாகும், புண் ஆறாது, மூட்டு வலிக்கும், சொறிப்பூச்சிக்கும் வழி திறந்துவிடும். சிறிய பையாக வாங்குங்கள். தினமும் ஆளுக்கொரு துண்டு சிவப்புக் குடைமிளகாய் கொடுங்கள். தண்ணீரில் கலக்கும் சொட்டு மருந்து வேண்டாம், அதில் சத்து சீக்கிரம் சிதைந்துவிடும், சுவை மாறினால் தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்ளும். உணவின் பெரும்பகுதி திமொத்தி வைக்கோலாக (திமொத்தி என்ற புல்லை உலர்த்தியது) இருக்க வேண்டும், அது எந்நேரமும் கூண்டில் இருக்கட்டும்.

மகளின் கையில் இருக்கும் வட்டம்

இதைத் தள்ளிப்போடாதீர்கள். கினிப் பன்றிக்குப் படர்தாமரை வரும், அது குழந்தைகளுக்கு எளிதில் ஒட்டும். எந்த அறிகுறியும் இல்லாத பிராணியிடமிருந்துகூட வரலாம். சொறிப்பூச்சியாலும் மனிதத் தோலில் சில நாள் தடிப்பு வரும். எது என்று பார்த்தவுடன் சொல்லிவிட முடியாது. பலதுறை மருந்தகத்திலோ வழக்கமான குடும்ப மருத்துவரிடமோ காட்டி, வீட்டில் கினிப் பன்றி இருப்பதை மறக்காமல் சொல்லுங்கள். வீட்டில் கிடக்கும் அரிப்பு களிம்பைப் பூசாதீர்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் அப்போதைக்கு அரிப்பு அடங்கி, பூஞ்சை மெதுவாகப் படரும். முடிவு தெரியும்வரை மகள் அவற்றைத் தூக்க வேண்டாம். அவளிடம் இதைத் தண்டனையாகச் சொல்லிவிடாமல், கொத்தமல்லி எடுத்து வைப்பது, எடையை நோட்டில் எழுதுவது போன்ற வேலைகளைக் கொடுங்கள். தொட்ட பெரியவர்கள் சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

பூங்காவில் விடலாமா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டதற்கு ஒரே பதில்தான். கூடாது. வளர்ப்புப் பிராணியைக் கைவிடுவது சிங்கப்பூரில் குற்றம், அபராதமும் சிறைத்தண்டனையும் உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும், ஒரு நாள் வெயிலையே அது தாங்காது. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் கினிப் பன்றி வளர்க்க உங்களுக்கு அனுமதி உண்டு, நாய் பூனைக்குப்போல் உரிமமும் தேவையில்லை. அந்த விஷயத்தில் நிம்மதியாக இருங்கள்.

அத்தையிடம் எப்படிச் சொல்வது

"நீங்கள் செய்தது தப்பு" என்று நீங்கள் சொல்ல வேண்டாம். மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துப் போங்கள். தினமும் தொட்டுப் பார்ப்பவர் அவர்தான், நாங்கள் கேட்கும் கேள்விகளுக்கு உங்களைவிட அவருக்கே பதில் தெரியும். எப்போதிலிருந்து சொறிகிறது, எந்தப் பக்கம் தொட்டால் கத்துகிறது, சாப்பாடு குறைந்ததா என்று. கினிப் பன்றி நோயை மறைக்கும் பிராணி. விரலுக்குத் தட்டுப்படும் ஒரு சிறு பொருக்கு, முந்தின வாரத்தைவிடத் துருத்தும் ஓர் எலும்பு, இவைதான் முதல் தகவல். அது அவர் கையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் குளியல் இருந்த இடத்தில், சமையலறைத் தராசில் எடை பார்ப்பதை அவர் பொறுப்பாக்குங்கள். நகமும் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை வெட்ட வேண்டும், முதல் முறை மருத்துவமனையில் அவருக்குக் காட்டித் தரச் சொல்லுங்கள்.

எண்ணெய்ப் புட்டியை முழுக்க ஒளித்துவைக்கவும் வேண்டாம். முதுகின் கடைசியில், வால் எலும்புக்கு மேலே எண்ணெய்ச் சுரப்பி ஒன்று உண்டு. சில நேரம் அங்கே பிசின்போலக் கட்டும். ஆண்களுக்குத்தான் அதிகம், பெண்களுக்கும் வருவதுண்டு. அந்த ஓரிடத்தில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் வைத்து, சில நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தெடுத்தால் இளகி வந்துவிடும். தோல் குணமானதும் அதை அத்தையே செய்யட்டும்.

இனி மருத்துவரைப் பார்ப்பது. எல்லாக் கால்நடை மருந்தகங்களும் கினிப் பன்றியைப் பார்ப்பதில்லை. தொலைபேசியில் அழைத்து, சிறு பிராணிகளைப் பார்க்கும் மருத்துவர் இருக்கிறாரா, சோதனைக்கும் ஸ்கேனுக்கும் தோராயமாக எவ்வளவு ஆகும் என்று முன்னதாகவே கேளுங்கள். காலை நேரமாக வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒன்றாக, துண்டு விரித்த ஒரே பெட்டியில் கொண்டுபோங்கள், வைக்கோலும் இருக்கட்டும். நாய்க்குச் சொல்வதுபோல் பட்டினி போடக் கூடாது, குடல் நின்றுவிடும். இடையில் எப்போதாவது பாதி நாளுக்கு மேல் எதுவும் தின்னாமல் இருந்தால் காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள். பிள்ளைக்கு வாங்கி மிச்சமிருக்கும் அமாக்ஸிசிலின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை வாயில் ஊற்றிவிடாதீர்கள், அந்த வகை மருந்து கினிப் பன்றியைக் கொன்றுவிடக்கூடும்.

போவதற்கு முன் இரண்டு நாள் எதையும் தடவாமல், குளிப்பாட்டாமல் விடுங்கள். எண்ணெய் பூசிய தோலைச் சுரண்டிச் சோதித்தால் சரியாகத் தெரியாது. ஷாம்பு, எண்ணெய், தீனிப் பை மூன்றையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். பஞ்சு சொறியும் ஒரு சிறு காணொளியும் வேண்டும், ஏனென்றால் மருத்துவரின் மேசைக்கு வந்ததும் அது பயந்து அசையாமல் உட்கார்ந்துவிடும்.